ரத்தத்தில் கடிகாரம் கண்ட ஆலன் வில்சன்



மாணவர் பேரவை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், யாராவது பெரியவருடைய வாழ்க்கை வரலாறாக இருந்தால் நல்லது என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். விஸ்வேஸ்வரய்யா, சர் சி.வி. ராமன், கலாம் ஐயா எல்லாரைப் பற்றியும் போன மலர்களில் அண்ணன்மார்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அதனால் நான் ஒரு வெளிநாட்டுக்காரரை எடுத்துக்கொண்டேன். பெயர் ஆலன் வில்சன். உயிரியல் படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர் காலமாகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நம்ம பாலிடெக்னிக் பக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

சிவில் படிக்கிற பையனுக்கும் குரங்கு, மனிதன், டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கும் என்னடா சம்பந்தம் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். சம்பந்தம் இருக்கிறது. சொல்லப்போனால், நான் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரையே.

கல்மரத்தடியில் வந்த கேள்வி

போன வருஷம் எங்கள் வகுப்பு திருவக்கரைக்குப் போனது. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வக்கிரகாளி கோயில் உள்ள அதே ஊர்தான். அங்கே ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியா பாதுகாக்கிற கல்மரப் பூங்கா இருக்கிறது. மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, தட்டினால் கல். சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை என்றார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். கல்லைப் பார்த்து வயசு சொல்லலாம், சரி. கல்லாகாமல் போன உயிர்களுக்கு என்ன செய்வது? மனுஷனும் குரங்கும் ஒரே வம்சத்திலிருந்து எப்போது பிரிந்தார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? கேட்டேன். கூட வந்த ஒருத்தர் சிரித்தார். டிப்ளமோ படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கு, செங்கல் கணக்கைப் பார் என்றார். மூஞ்சி சுண்டிப் போச்சு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்கள் கெமிஸ்ட்ரி சார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் ஆலன் வில்சன் பெயரைச் சொன்னார். எலும்பு படித்தவர்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த இடத்தில், ரத்தத்தையும் சோதனைக் குழாயையும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்த கெமிஸ்ட்ரிக்காரர் என்றார். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

மாட்டுப் பண்ணைப் பையன்

ஆலன் வில்சன் பிறந்தது 1934 அக்டோபர் 18-ல், நியூசிலாந்து நாட்டில். வளர்ந்தது புகேகோஹே என்ற ஊர்ப் பக்கம் ஒரு பால் பண்ணையில். இதைப் படித்ததும் எனக்கு அவர் நெருக்கமாகிவிட்டார். எங்கள் கெடாரில் எங்கள் வீட்டிலும் ரெண்டு கறவை மாடு. விடியற்காலையில் அப்பா பால் கறந்து சொசைட்டிக்கு எடுத்துப் போவார். மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு வம்சம், சாயல், கலப்பு என்பதெல்லாம் புத்தகத்தில் வருவதற்கு முன்பே தொழுவத்தில் தெரிந்துவிடும். இந்தக் கன்றுக்கு நெற்றிச் சுட்டி யார் வழியில் வந்தது என்று எங்கள் ஆயா மூணு தலைமுறை சொல்லும்.

சின்ன வயதிலேயே வில்சனுக்குப் பறவைகள் மேல் ஆர்வம். ஒடாகோ பல்கலைக்கழகத்தில் படித்து 1955-ல் பட்டம் வாங்கினார். பிறகு அமெரிக்கா. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1957-ல் மேல்பட்டம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1961-ல் டாக்டர் பட்டம். 1964-ல் அதே பெர்க்லியில் உயிர்வேதியியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அங்கேதான்.

சிவாலிக் மலையில் கிடைத்த தாடை

வில்சன் வேலையில் சேர்ந்த நேரத்தில் மனித வம்சத்தின் கதையில் நம் இந்தியாவுக்கு ஒரு பெரிய இடம் இருந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்?

1932-ல் ஜி. எட்வர்ட் லூயிஸ் என்ற அமெரிக்க மாணவர், இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில், இன்றைய இமாச்சலப் பிரதேசத்து ஹரிதல்யாங்கர் அருகே, ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். ராமர் பெயரால் அதற்கு ராமாபிதிகஸ் என்று பெயர் வைத்து 1934-ல் வெளியிட்டார். பல்லும் தாடையும் மனிதச் சாயலில் இருப்பதாகத் தோன்றியது. 1960-களில் பெரிய பெரிய நிபுணர்கள் இதுதான் மனித வம்சத்தின் முதல் ஆள் என்று எழுதினார்கள். பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது. அதன் வயது ஒரு கோடி வருஷத்துக்கு மேல். அப்படியானால் மனித வம்சம் ஆப்பிரிக்கக் குரங்குகளிலிருந்து குறைந்தது ஒன்றரைக் கோடி வருஷத்துக்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும். இதுதான் அன்றைய கணக்கு. கையில் இருந்த ஆதாரமோ உடைந்த தாடையும் சில பற்களும்!

முயலுக்கு ஒரு ஊசி

பெர்க்லியில் மானுடவியல் துறையில் வின்சென்ட் சாரிச் என்ற ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அவரும் முதலில் கெமிஸ்ட்ரி படித்தவர். வில்சனுக்கு ஏறத்தாழ ஒரே வயது. இவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்தார்கள். எலும்பைத் தொடவே இல்லை. ரத்தத்தை எடுத்தார்கள்.

ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் உண்டு. மனித ஆல்புமினை ஒரு முயலுக்கு ஊசியாகப் போட்டால், முயலின் உடம்பு அதை அந்நியப் பொருள் என்று கண்டு எதிர்ப்பொருள் தயாரிக்கும். அந்த எதிர்ப்பொருளை எடுத்து மனித ஆல்புமினோடு சேர்த்தால் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அதையே சிம்பன்ஸியின் ஆல்புமினோடு சேர்த்தால் கொஞ்சம் பிடிமானம் குறையும். மக்காக் குரங்கோடு சேர்த்தால் இன்னும் குறையும். நம்ம செஞ்சிக் கோட்டையில் கையிலிருக்கும் வாழைப்பழத்தைப் பிடுங்குகிறதே, அதுவும் இந்த மக்காக் இனம்தான். பிடிமானம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குப் புரதம் வேறுபட்டிருக்கிறது. உறவு அவ்வளவு தூரம்.

இதில் நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. புரதங்கள் காலப்போக்கில் ஏறக்குறைய சீராக மாறுகின்றன, அதனால் அவை கடிகாரம் மாதிரி பயன்படும் என்று 1960-களின் தொடக்கத்திலேயே ஸுக்கர்கண்டல், லினஸ் பாலிங் என்ற இருவர் சொல்லியிருந்தார்கள். மோரிஸ் குட்மேன் என்பவர் சிம்பன்ஸியும் கொரில்லாவும் மனிதனுக்கு ரொம்ப நெருக்கம் என்று ரத்தப் புரதத்தை வைத்தே காட்டியிருந்தார். ஆனால் அந்தக் கடிகாரம் எல்லா உயிருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறதா? மனிதனுக்கு மட்டும் மெதுவாக ஓடினால் கணக்கு கெட்டுவிடுமே! எல்லாரும் இடித்துக்கொண்டது இந்த இடத்தில்தான்.

ரெண்டு பஸ் கணக்கு

வில்சனும் சாரிச்சும் இதற்குக் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் பாணியில் சொல்கிறேன்.

திண்டிவனத்திலிருந்து ரெண்டு பஸ் ஒன்றாகக் கிளம்புகிறது. விழுப்புரம் வரை ஒரே ரோடு. அங்கே பிரிந்து ஒன்று பண்ருட்டிக்கும் ஒன்று கள்ளக்குறிச்சிக்கும் போகிறது. டிரைவர் யாரிடமும் வாட்ச் இல்லை. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ரெண்டையும் நிறுத்தி, திண்டிவனத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்க்கிறோம். ரெண்டிலும் ஒரே எண் இருந்தால் என்ன அர்த்தம்? விழுப்புரம் வரை இருவருக்கும் ஒரே தூரம்தானே. ஆக, பிரிந்த பிறகும் ரெண்டும் ஒரே வேகத்தில்தான் போயிருக்கின்றன. வாட்ச் இல்லாமலே வேகத்தைச் சரிபார்த்தாயிற்று!

அவர்களும் அதைத்தான் செய்தார்கள். தூரத்து உறவான குரங்கைத் திண்டிவனமாக வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து மனிதனுக்கு எவ்வளவு வித்தியாசம், சிம்பன்ஸிக்கு எவ்வளவு, கொரில்லாவுக்கு எவ்வளவு என்று அளந்தார்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மனிதனின் கடிகாரம் மெதுவாகவும் ஓடவில்லை, வேகமாகவும் ஓடவில்லை.

அடுத்தது, கடிகாரத்துக்கு ஒரு தொடக்கக் குறி வேண்டும். நம்ம சர்வேயில் பெஞ்ச் மார்க் இல்லாமல் லெவல் எடுக்க முடியுமா? அவர்கள் எடுத்துக்கொண்ட பெஞ்ச் மார்க், வாலில்லாக் குரங்கு வம்சமும் மக்காக் வம்சமும் பிரிந்த காலம். புதைபடிவங்களை வைத்து அதைச் சுமார் 3 கோடி வருஷம் என்று கொண்டார்கள். மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் உள்ள தூரம் அதில் ஆறில் ஒரு பங்குதான் வந்தது. கணக்குப் போட்டால் 50 லட்சம் வருஷம்.

1967 டிசம்பரில் சயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வில்சனுக்கு அப்போது வயது 33.

பதினைந்து வருஷம்

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உலகத்து நிபுணர்கள் எல்லாரும் ஒன்றரைக் கோடிக்குக் குறையாது என்கிறார்கள். ரெண்டு கெமிஸ்ட்ரி ஆட்கள் வந்து வெறும் ஐம்பது லட்சம் என்கிறார்கள். சும்மா விடுவார்களா? எலும்பு படிக்காதவர்களுக்கு என்ன தெரியும், புரதக் கடிகாரம் எங்கோ தப்பாக ஓடுகிறது என்றெல்லாம் விமர்சனம் வந்தது.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. பெஞ்ச் மார்க்கை 3 கோடிக்குப் பதில் 6 கோடி, 9 கோடி என்று தள்ளிவைத்தால் போதும், விடை நிபுணர்கள் சொன்னதற்குப் பக்கத்தில் போய்விடும். அப்படி அவர்கள் தள்ளவில்லை. வேறு புரதங்களையும் வேறு விலங்குகளையும் எடுத்து மறுபடி மறுபடி அளந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும்.

திருவக்கரை போய்வந்து ரெண்டு மாசத்தில் எங்களுக்கு சர்வே கேம்ப். எங்கள் பேட்சுக்குக் கொடுத்த வேலை, ரோட்டோரச் சின்னப் பாலத்துக் கட்டையில் உள்ள பெஞ்ச் மார்க்கிலிருந்து ஏரிக் கலிங்கு வரைக்கும் லெவல் எடுப்பது. வெயிலில் நாள் முழுக்க எடுத்தோம். கலிங்கு 1.440 மீட்டர் தாழ்வு என்று வந்தது. திரும்ப லெவல் எடுத்துக்கொண்டு பாலத்துக்கே வந்து மூடினோம். பிழை 4 மில்லிமீட்டர். அனுமதித்த அளவுக்குள்தான்.

ஆனால் முந்தின வருஷத்து ரெக்கார்டில் 1.640 என்று இருந்தது. இருபது சென்டிமீட்டர் இடிக்கிறது! பேட்சில் ஒருத்தன் பயந்தான், இன்னொருத்தன் பசிக்குது என்றான். ரீடிங்கை நோட்டில் எழுதுகிறவன் நான். பழைய ரெக்கார்டுக்குப் பொருந்துகிற மாதிரி போகும்போது எடுத்ததில் ஒரு ரீடிங், வரும்போது எடுத்ததில் ஒரு ரீடிங், ரெண்டையும் 0.200 திருத்தினேன். ரெண்டே நிமிஷம். மார்க் நன்றாகவே வந்தது. வில்சனைப் பற்றிப் படித்துக்கொண்டே இதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் உறுத்தல்.

வில்சன் கதைக்கு வருவோம். டேவிட் பில்பீம் என்ற புதைபடிவ நிபுணர், ராமாபிதிகஸ் மனித மூதாதைதான் என்று எழுதியவர்களில் முக்கியமானவர். அவருடைய குழுவினருக்குப் பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில், ராமாபிதிகஸின் நெருங்கிய சொந்தமான சிவாபிதிகஸின் முகப்பகுதி கிடைத்தது. தாடைத் துண்டு இல்லை, முகமே! அது மனிதச் சாயலில் இல்லை. ஒராங்குட்டான் சாயலில் இருந்தது. 1982-ல் அதை அவரே வெளியிட்டார். தான் முன்பு சொன்னதை மாற்றிக்கொள்ளவும் தயங்கவில்லை. அதுவும் பெரிய மனசுதான். ராமாபிதிகஸ் என்ற தனிப்பெயரும் காலப்போக்கில் சிவாபிதிகஸுக்குள் அடங்கிப்போனது.

1967-லிருந்து 1982 வரை, பதினைந்து வருஷம். நம்ம வயசில் முக்கால்வாசி!

இன்று டி.என்.ஏ. முழுவதையும் படித்த பிறகு, மனித, சிம்பன்ஸி வம்சங்கள் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன் பிரிந்திருக்கும் என்று பலரும் கணிக்கிறார்கள். வில்சன் சொன்னது கொஞ்சம் குறைவுதான். ஆனாலும் ஒரு முயலையும் சோதனைக் குழாயையும் வைத்துக்கொண்டு அவ்வளவு பக்கத்தில் வந்திருக்கிறார்!

புரதத்திலிருந்து டி.என்.ஏ.வுக்கு

1975-ல் மேரி-கிளேர் கிங் என்ற தம் மாணவியோடு சேர்ந்து வில்சன் அடுத்த குண்டைப் போட்டார். மனிதப் புரதங்களும் சிம்பன்ஸிப் புரதங்களும் சராசரியாக 99 சதவீதத்துக்கும் மேல் ஒன்றே என்று காட்டினார்கள். அப்புறம் ஏன் ரெண்டும் இவ்வளவு வேறாக இருக்கின்றன? எந்த ஜீன் எப்போது, எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்ற கட்டுப்பாட்டில்தான் பெரும்பாலான வித்தியாசம் இருக்க வேண்டும் என்றார்கள். அதே செங்கல், அதே சிமெண்ட், பிளான் வேறு என்று நான் புரிந்துகொண்டேன். 2005-ல் சிம்பன்ஸியின் டி.என்.ஏ. வரிசை வெளியானபோது, ஒற்றை எழுத்து வித்தியாசங்கள் சுமார் 1.23 சதவீதம் என்று வந்தது.

டி.என்.ஏ.யை வைத்து உறவு பார்ப்பது எப்படி? நம்ம ரெக்கார்டு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தன் எழுதியதைப் பார்த்து இன்னொருத்தன் எழுதுகிறான். முதல் ஆள் தியோடலைட் என்பதில் ஒரு எழுத்தை விட்டுவிட்டான். மூணு நோட்டில் அதே எழுத்து காணவில்லை என்றால், மூணும் ஒரே நோட்டிலிருந்து வந்தவை என்று சார் உடனே சொல்லிவிடுவார். மூணில் ரெண்டில் மட்டும் இன்னொரு தப்பும் சேர்ந்து இருந்தால், அந்த ரெண்டும் இன்னும் நெருங்கிய சொந்தம். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்ற நாலே எழுத்தில் எழுதிய நோட்டு. தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கிறார்கள். எப்போதாவது ஒரு எழுத்து மாறுகிறது. அந்த மாற்றங்களை ஒப்பிட்டால் வம்ச மரத்தை வரைந்துவிடலாம். தப்பு எத்தனை என்று எண்ணினால் காலத்தையும் கணிக்கலாம்.

1984-ல் வில்சனின் கூடத்தில் ரஸ்ஸல் ஹிகுச்சியும் மற்றவர்களும் செய்தது இன்னும் ஆச்சரியம். தென்னாப்பிரிக்காவில் குவாகா என்று வரிக்குதிரை மாதிரி ஒரு விலங்கு இருந்தது. முன்பாதியில் மட்டும் வரி. 1883-ல் கடைசிக் குவாகாவும் செத்து இனமே அழிந்துவிட்டது. ஜெர்மனியில் ஒரு மியூசியத்தில் 140 வருஷமாகக் கிடந்த குவாகாத் தோலில் ஒட்டியிருந்த காய்ந்த தசையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, 229 எழுத்துகளைப் படித்துவிட்டார்கள்! அது குதிரையோடு சேருமா, வரிக்குதிரையோடு சேருமா என்ற பழைய வழக்கில், வரிக்குதிரைதான் நெருங்கிய சொந்தம் என்று தீர்ப்பு வந்தது. அழிந்துபோன உயிரின் டி.என்.ஏ.யை மனிதன் படித்தது அதுவே முதல் தடவை.

எல்லாருக்கும் ஒரு தாய்

வில்சனின் பெயர் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்டது 1987-ல். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு. அதற்குத் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். சாதாரண டி.என்.ஏ.யைவிட ஐந்து முதல் பத்து மடங்கு வேகமாக மாறுகிறது என்று அவர் கூடத்திலேயே 1979-ல் காட்டியிருந்தார்கள். ஆகவே பக்கத்துக் காலத்தை அளக்க அது நல்ல கடிகாரம்.

ரெபேக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங் என்ற மாணவர்களோடு, ஐந்து நிலப்பகுதிகளைச் சேர்ந்த வம்சாவளியினர் 147 பேருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.யை ஒப்பிட்டார். எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் கழியும் நஞ்சுக்கொடியிலிருந்து. நம்ம ஊரில் குழி தோண்டிப் புதைக்கிறோமே, அதிலிருந்துதான்! மரத்தை வரைந்து பார்த்தால் ரெண்டு பெரிய கிளை. ஒன்றில் ஆப்பிரிக்கர்கள் மட்டும். மற்றதில் ஆப்பிரிக்கர்களோடு உலகத்தில் மீதி எல்லாரும். வேர் ஆப்பிரிக்காவில், சுமார் 2 லட்சம் வருஷத்துக்கு முன்.

பத்திரிகைகள் அந்தத் தாய்க்கு ஏவாள் என்று பெயர் சூட்டிவிட்டன. அதனால் ஒரு குழப்பமும் வந்தது. அந்தக் காலத்தில் அவள் ஒருத்திதான் பெண் என்று அர்த்தம் இல்லை. பலர் இருந்தார்கள். ஒரு வம்சத்தில் ஏதாவது ஒரு தலைமுறையில் பெண் குழந்தையே இல்லாமல் போனால் அந்தத் தாய்வழி நின்றுவிடும். அப்படி நிற்காமல் இன்று வரை எல்லாரிடமும் வந்து சேர்ந்த வழி அவளுடையது.

மறுபடியும் எதிர்ப்பு. இந்த முறை சிலவற்றில் எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மரம் வரைந்த முறை போதாது என்றார்கள். 2000-ல் 53 பேருடைய மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதையும் படித்து மறுபடி பார்த்தபோது வேர் ஆப்பிரிக்காவில்தான் நின்றது. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் பழைய மனித இனங்களோடு கலக்கவே இல்லை என்ற முடிவு முழுக்கச் சரியில்லை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லாரிடமும் நியாண்டர்தால் டி.என்.ஏ. கொஞ்சம் இருக்கிறது என்று 2010-ல் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த ஸ்வாந்தே பாபோவும் ஒரு காலத்தில் வில்சனின் கூடத்தில் வேலை பார்த்தவர். 2022-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குருவின் கணக்கைச் சிஷ்யனே திருத்தினார்.

அதைப் பார்க்க வில்சன் இல்லை. ரத்தப் புற்றுநோய். ரத்தத்தை வைத்து மனித வரலாற்றைப் படித்தவருக்கு வந்ததும் ரத்தத்தில்தான். சியாட்டில் நகரில் சிகிச்சையில் இருந்தபோது 1991 ஜூலை 21-ல் காலமானார். வயது 56. அவர் பங்கெடுத்த மைட்டோகாண்ட்ரியாக் கட்டுரை ஒன்று ரெண்டு மாசம் கழித்து செப்டம்பரில் சயன்ஸ் பத்திரிகையில் வந்தது. அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை.

நம்ம வரையாடும் அந்தமானும்

அவர் வழியில் வந்த வேலை நம்ம மலைக்கும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு வரையாடு. இமயமலையில் தார் என்ற காட்டாடு இருக்கிறது. ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி என்று ஒரே பேரினத்தில் ரொம்ப காலம் வைத்திருந்தார்கள். 2005-ல் பாரிஸைச் சேர்ந்த ஆன் ரோபிகே, அலெக்ஸாண்டர் ஹஸானின் ஆகியோர் டி.என்.ஏ.யை ஒப்பிட்டார்கள். இமயத்துத் தார் வெள்ளாட்டுக்குச் சொந்தம். நம்ம வரையாடோ செம்மறியாட்டுக்குச் சொந்தம்! சாயலை நம்பி வைத்த பெயர் தப்பு. அதற்கென்று நீல்கிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினமே உண்டானது. இப்போது அதற்கு உலகத்தில் வேறு கூடப்பிறந்த இனம் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் அது போனால் ஒரு பேரினமே போய்விடும்.

அதே 2005-ல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் கே. தங்கராஜ், லால்ஜி சிங் முதலியோர் அந்தமான் பழங்குடியினரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. முழுவதையும் படித்து, அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து ஆதியில் புறப்பட்டு வந்தவர்களின் மிகப் பழைய வழித்தோன்றல்கள் என்று எழுதினார்கள்.

கலிங்குக்குத் திரும்பி

இப்போது என் கதையின் மீதி. இந்த வருஷம் ஜூனியர் பேட்ச் அதே பாலத்திலிருந்து அதே கலிங்குக்கு லெவல் எடுத்தது. ரெண்டு கருவி, ரெண்டு குழு. ஒரு குழுவுக்கு 1.442, இன்னொரு குழுவுக்கு 1.439. எங்கள் ரெக்கார்டையும் அதற்கு முந்தினதையும் பக்கத்தில் வைத்து சார் பார்த்தார். அந்தப் பழைய ரெக்கார்டில் ஒரு இடத்தில் 1.2-ஐ 1.4 என்று எழுதியிருந்தார்கள். அது கவனக்குறைவு. எங்கள் நோட்டில் இருந்தது திருத்தம்.

சார் ஒன்றும் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஏன்டா அழித்தாய் என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

கேம்ப் ரெக்கார்டு ஒரு காகிதம்தான். ஆனால் நாளைக்கு நாம் சைட்டில் நிற்போம். கலிங்கு மட்டத்தில் இருபது சென்டிமீட்டர் தப்பினால் மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் யாரோ ஒருத்தர் மல்லாட்டைக் கொல்லையில் போய் நிற்கும். அந்தக் கொல்லை எங்க அப்பாவுடையதாகவும் இருக்கலாம்.

வில்சன் அளந்ததில் சில முழுக்கச் சரி, சில கொஞ்சம் கூடக் குறைய. ஆனால் எதையும் அடுத்தவர் விடைக்காக அவர் அழித்து எழுதவில்லை. யார் சொன்னாலும் பொருளைப் பார் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொன்னதும் இதைத்தான். டிப்ளமோ பையனுக்கு இதெல்லாம் எதுக்கு என்று யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்தால், நண்பர்களே, சிரிக்கட்டும். மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள். மூடிய லெவல் சரியாக வந்தால், வந்ததை அப்படியே எழுதுங்கள்.

— இறுதியாண்டு சிவில் மாணவன், கெடார்